தம்பி சிரிக்கும் படம்

பாகூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, டீச்சர் தன் சொந்த டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் அன்றாடத்தை நாங்களே படம் பிடித்து ஆண்டு விழாவுக்குச் சுவரில் ஒட்ட வேண்டும். வாரைக் கழுத்தில் மாட்டு, மூச்சை அடக்கு, பட்டனைப் பாதி அழுத்து, பச்சைக் கட்டம் வந்ததும் முழுசாக அழுத்து. இதை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தார். பிறகு காலைப் பால், பிரேயர், சாப்பாட்டு வரிசை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்.

எனக்கு வந்தது வாசல். பிள்ளைகள் காலையில் உள்ளே வரும் காட்சி. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த என் தம்பி தினமும் அந்த வாசலில்தான் அழுவான். கேட் கம்பியைக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுவான். அம்மா அப்போதுதான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும். அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். தம்பியைக் குளிப்பாட்டி இழுத்து வருவது என் பொறுப்பு.

அழுகைச் செய்தி எப்படியோ அம்மா காதுக்குப் போய்விட்டது.

“புள்ள இப்டி அளுவுறான்னா எனக்கு இன்னாத்துக்கு வேல? ஆண்டு விழா வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நின்னுடுறேன்” என்றாள் அப்பாவிடம்.

வேலைக்குப் போன பிறகுதான் அம்மா பாடிக்கொண்டே சமைக்கத் தொடங்கியிருந்தாள். சூப்பர்வைசர் நடப்பதை எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். அந்த அம்மாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தம்பி சிரித்துக்கொண்டே பள்ளிக்குள் நுழைகிற ஒரு படத்தை அவள் முன் நீட்டினால் போதும், பேச்சு முடிந்தது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் பிஸ்கட் கொடுத்தேன். வாயில் பிஸ்கட்டோடு அழுதான். நாய் போலக் குரைத்துக் காட்டினேன். என் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

“ஒரே ஒரு வாட்டி சிரிடா!”

“மாட்டேன் போ. வூட்டுக்குப் போலாம்!”

“வேற பிள்ளைங்கள எடேம்மா” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர், இவனத்தான் எடுப்பேன்.”

ஒருநாள் மழை பெய்து வாசலெல்லாம் சேறு. அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கேமராவைத் தூக்கி அழுத்தினேன். அதிலும் அழுகைதான். அடுத்த நொடி கால் வழுக்கி, கேமராவை மட்டும் உயரப் பிடித்தபடி சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தேன். தம்பி அழுகையை நிறுத்தினான். பிறகு பொக்கை வாய் தெரிய வெடித்துச் சிரித்தான். எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுத்தினேன்.

ஆண்டு விழாவுக்கு அம்மா பர்மிஷன் போட்டுவிட்டு வந்தாள். கையைப் பிடித்து நேரே சுவருக்கு இழுத்துப் போனேன். “நல்லாக்கீதுடி” என்று சிரித்தாள். அதோடு போயிருக்கலாம். டீச்சர் எல்லாப் படங்களையும் லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா அங்கே போய் நின்றுவிட்டாள். அழுகைப் படம் வந்தது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் திரையை மறைத்தேன்.

“அது வேஸ்ட்டும்மா, பாக்காத!”

அம்மா என் கைகளை விலக்கினாள். படத்தில் தம்பியின் முகம் கசங்கிக் கிடந்தது. ஓரத்தில், அவன் கையை இறுக்கிப் பிடித்திருக்கும் இன்னொரு சின்னக் கை.

“இது யாரு கை?”

“என்துதான். குறுக்க வந்துடுச்சி.”

“தெனம் இப்டித்தான் புடிச்சிக்கினு வருவியா?”

“வுட்டா ஓடிடுவாம்மா.”

அம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். அந்தப் படத்தில் மட்டும் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாள் டீச்சரிடம்.

மறுநாள் விடியுமுன் வேன் ஹாரன் கேட்டது. அம்மா கிளம்பிப் போனாள். அடுத்த வாரமும் போனாள். தம்பி இன்னும் கொஞ்ச நாள் அழத்தான் செய்தான், ஆனால் வேலையை விடும் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை. என்னுடைய சிரிப்புப் படம்தான் ஜெயித்தது என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்படியிருக்க, ஒன்றுக்கும் உதவாத அந்த அழுகைப் படத்தை அம்மா ஏன் தினமும் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டு போகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.