பெரட்டில் கேட்காத பெயர்

கோபப்படாமல் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து கடற்படைக்குப் போனவர் என் அண்ணன். அதுவரை கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர். காது கூர்மையாக இருக்கிறது என்று அவரைச் சோனார் கருவியின் முன்னால் உட்காரவைத்தார்கள். தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று ஹெட்போனில் கேட்டு, நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறதா என்று சொல்கிற வேலை. லயமே பெருமைப்பட்டது.

கருவியோ யாரோ பயன்படுத்திக் கழித்துக்கட்டியது. எந்நேரமும் இரைச்சல். எதிரொலி காதில் விழ வேண்டுமானால் சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைக்க வேண்டும். அப்படி வைத்தால் காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று லீவில் வந்தபோது சொன்னார். புதுக் கருவி கேட்டு, அது இல்லாவிட்டால் நல்ல ஹெட்போனாவது கேட்டு மேலே எழுதினார்களாம். இந்த வருஷ ஒதுக்கீடு முடிந்தது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த வருஷமும் அதே பதில்தான். ஆனால் அணிவகுப்புக்கு முன்னால் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் ஒதுக்கீடு தவறாமல் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், காதுப் பரிசோதனையில் தேறவில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காதை யார் கெடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் என்னோடு தோட்ட வேலைக்கு வந்தார்.

எங்கள் தோட்டத்தில், வேலைக்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவார். அவரவர்தான் குரல் கொடுக்க வேண்டும். தூங்குகிறவனுக்காக இன்னொருவன் குரல் கொடுத்து ஏமாற்றிய காலத்தில் போட்ட சட்டம் அது. முதல் நாள் அண்ணன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அண்ணன் பனியைப் பார்த்தபடி நின்றார். பதறிப்போய் நான் குரல் கொடுத்தேன்.

"அவனுக்கு நீ ஏம்மா சொல்றே? ரூல் ரூல்தான்லா," என்றார் கங்காணி.

"அண்ணன் முன்னாலதான் நிக்குது கங்காணி. காதுதான் கேக்கல."

அன்றைக்கு வேலை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாரும் பார்க்க, கடற்படை பெல்ட்டோடு அண்ணன் தனியாக லயத்துக்குத் திரும்பி நடந்தார். மறுநாளிலிருந்து நான் அவர் பின்னால் நின்று, பெயர் வந்ததும் சட்டையை இழுத்தேன். அவர் "இருக்கேன்!" என்று கப்பலில் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார். கங்காணி கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிஞ்சாங் டவுனிலிருந்து அண்ணன் பத்திரிகையோடு வந்தார். கப்பல்களுக்குப் புதுச் சோனார் வாங்கியாயிற்றாம். படத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் கருவியின் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வர்ற பையனுங்களுக்கு நல்லா கேக்கும்லா," என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத அப்பவே வாங்கியிருந்தா ஒன் காது இருந்திருக்கும்ல?" என்று கத்தினேன். பக்கத்து வீடுகளில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன சொன்னே?" என்றார்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். மறுநாள் காலைப் பெரட்டில் அவர் பெயர் வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.