தெரு பார்க்க ஒரு சவாரி

போன சனிக்கிழமை பிற்பகல், முள்ளக்காட்டுக்கு இந்தப் பக்கம், நடு ரோட்டில் என் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் இலையில்லாத உடைமுள். நிழல் என்று பார்த்தால் என் தொப்பி ஒன்றுதான்.

ஐந்து மணிக்குள் தூத்துக்குடியில் ரெஜினா அக்கா வீட்டு வாசலில் நான் இருந்தாக வேண்டும். அதன் பிறகு அந்த அம்மாள் லாஞ்சுப் படகில் ஏறி, கடலில் நிற்கும் கொழும்புக் கப்பலுக்குப் போய்விடுவார். திரும்பி வரப்போவதில்லை.

யார் இந்த ரெஜினா அக்கா? சொல்கிறேன்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் குமாஸ்தா என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அக்காவின் கணவர் மிக்கேல், தருவைகுளத்தில் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பியவர். எங்கள் ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில்தான் வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறவன் நான். யுத்தத்தின் நடுவில் டைபாய்டு வந்து மனிதரைக் கொண்டுபோய்விட்டது. வண்டியை அவர் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் சாக்குகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். மூன்று வருடம் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.

யுத்தம் முடிந்ததும் போய்க் கேட்டேன். அதுவரை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதைத் தவிர எனக்கு வேறு எந்த இயந்திர ஞானமும் கிடையாது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துக்கோங்க தம்பி. ஓட ஆரம்பிச்சதும் எங்க வாசல் வழியா ஒரு தடவை ஓட்டிட்டுப் போங்க. அந்தச் சத்தம் கேக்கணும், அம்புட்டுதான்."

"ஒரே வாரம் அக்கா!" என்றேன்.

ஒன்பது மாதம் ஆனது.

பழைய வண்டியைப் பிரிப்பது சுலபம். யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். என் மனைவி கிரேஸ் ஒரு நாள் சோறு போடத் தட்டைத் தேடினாள்... அதில் மண்ணெண்ணெய் ஊற்றி நான் கார்புரேட்டரை ஊறப்போட்டிருந்தேன். செயினைக் கழற்றி ஊறவைத்தது அவளுடைய குழம்புச் சட்டியில். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மீந்தது. மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினேன். இரண்டு திருகாணி மீந்தது!

பெட்ரோல் டாங்குக்குள் ஒரே துரு. கடற்கரையிலிருந்து பொடிக் கல் அள்ளி வந்து உள்ளே போட்டு, மண்ணெண்ணெயும் ஊற்றி, டாங்கை மடியில் வைத்து மூன்று நாள் குலுக்கினேன். "பிள்ளையைக்கூட இப்படித் தாலாட்டினதில்லை" என்றாள் கிரேஸ். என்ன செய்வது? உண்மைதானே.

கடைசியாக பெயிண்ட். தோணிக்கு அடிக்கிற கெட்டிக் கறுப்புப் பெயிண்ட் வாங்கி மூன்று கோட்டிங் கொடுத்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

இதற்கிடையில் அக்கா தெருப் பக்கமே நான் போகவில்லை. மார்க்கெட்டுக்குக்கூட சுற்று வழிதான். வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்ற முடியாதவன் வேறு என்ன செய்வான்? போன மாதம் வண்டி ஓட ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நன்றாகவே ஓடியது. இன்னும் கொஞ்சம் சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று நாளைக் கடத்தினேன். அப்போதுதான் சேதி வந்தது. கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரே மகன் சூசை, அம்மாவைக் கூட்டிப்போக வந்துவிட்டான். சனிக்கிழமை கப்பல்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். அக்காவுக்கு ஆத்தூர் வெற்றிலை என்றால் உயிர். ஒரு கட்டு வாங்கி வரலாம், வண்டியையும் தூரமாக ஓட்டிப் பார்த்த மாதிரி இருக்கும் என்று கிளம்பினேன்.

பதினைந்து மைல் தூரம். போகும்போது இரண்டு தடவை நின்றது. வரும்போது, மேலே சொன்ன முள்ளக்காடு.

ஒவ்வொரு தடவையும் ஒரே பூஜைதான். டாங்கின் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பேன். கார்புரேட்டரை ஊதுவேன். கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடும். ஏழெட்டு மைல் போகும், இருமும், நிற்கும். பிளக்தான் கோளாறு என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

தெரு முனையில் திரும்பும்போது மணி நாலே முக்கால். அக்கா வீட்டு வாசலில் ஜட்கா நின்றது, குதிரை பூட்டித் தயாராக. அதில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வழியனுப்பக் கூடியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் கறுப்புச் சேலையில் அக்கா வாசலுக்கு ஓடி வருவது தெரிந்தது...

இருமியது. நின்றுவிட்டது. இன்னும் பத்து வீடு இருந்தது.

இறங்கித் தள்ளினேன். அந்தப் பத்து வீட்டுத் தூரத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"முனையிலேயே கேட்டுட்டேன் தம்பி. அதே சத்தம்தான். எனக்கு அது போதும்" என்றார் அக்கா.

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "இரண்டே நிமிஷம் அக்கா" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"எம்மா, லாஞ்சு போயிரும்" என்றான் சூசை.

அக்கா நகரவில்லை. "அதை ஏன் கழத்துதீங்க?"

"பிளக் அழுக்காயிருக்கும் அக்கா."

அவர் டாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கீக. மூடிக்கும் சேத்தா அடிச்சீக?"

"மூன்று கோட்டிங்!" எனக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை.

"அதுல இருந்த ஓட்டை எங்க?"

"எந்த ஓட்டை?"

அக்கா தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். மூடியின் நடுவில் விரலால் தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் ஊக்கின் முனையை வைத்துத் திருகினார். கறுப்புப் பெயிண்ட் பொக்கென்று உதிர்ந்தது. உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துவாரம்!

"காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும். எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா ஊத்துமா? ரெண்டு போடணும்லா? உப்புக் காத்துல இது தினம் அடைச்சிரும். காலையில ஊக்கு வச்சுக் குத்தி விடுதது என் வேலை. அவுக பேப்பர் படிச்சிட்டு இருப்பாக."

ஆக, என் பூஜையில் பலித்தது எது? பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேனே, அதுதான். அப்போது காற்று உள்ளே போயிருக்கிறது. பெயர் வாங்கியது பிளக்! நாம் வேர்வை சிந்திச் செய்த காரியம்தான் பலித்தது என்று நம்புவதில் மனிதனுக்கு என்ன ஒரு ஆசை...

இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. தெருவே அதிர்ந்தது. அக்கா டாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு ஜட்காவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"தம்பி, பின்னால ஒரு ஆள் உக்காரலாம்லா?"

சூசைக்கு முகம் மாறிவிட்டது. "எம்மா! இது என்ன கூத்து? ஊர் என்ன சொல்லும்?"

"ஊருதான் இன்னையோட முடியுதுலா? சொல்லிட்டுப் போவுது."

ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியனுப்ப வந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். கிரேஸைத் தவிர வேறு பெண்களோடு நின்று பேசவே கூசுகிற ஆள் நான்!

பெரிய கோயிலைத் தாண்டும்போது அக்கா சிலுவை போட்டுக்கொண்டது நிழலில் தெரிந்தது. பீச் ரோட்டில் திரும்பியதும் பின்னாலிருந்து குரல்: "என்ன தம்பி, மாட்டு வண்டி மாதிரி ஓட்டுதீங்க? அவுக இதுல பாதி நேரத்துல போயிருவாக."

முறுக்கினேன். ஜட்கா எங்கேயோ பின்தங்கிவிட்டது.

லாஞ்சுத் துறையில் இறங்கி, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். வெற்றிலைக் கட்டைக் கொடுத்தேன். "அண்ணன் பின்னால உக்காந்து நல்ல பழக்கம் போல அக்கா. கொஞ்சம்கூடப் பயப்படலையே" என்றேன்.

"ஒரு நாளும் ஏறினதில்ல தம்பி."

"என்னது?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், 'ஏறு ரெஜினா, கடற்கரை வரைக்கும் போயிட்டு வருவோம்'னு நிப்பாக. தெரு பாக்கும்னு சொல்லிருவேன். வண்டி வாங்கின நாள்ல இருந்து பதினோரு வருசம் கூப்பிட்டாக... அவுகளும் விடல, நானும் ஏறல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடல் காற்று பலமாக அடித்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். சூசை வந்து சேர்ந்தான். லாஞ்சு போனது. அக்கா ஆட்டிய கை தெரியும் வரை நின்று பார்த்தேன்.

திரும்பும் வழியில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. மிக்கேலாவது பதினோரு வருடம் விடாமல் கூப்பிட்டார். ஒன்பது மாதம் சட்டியும் தட்டும் தந்தவளை நான் ஒரு நாளாவது கூப்பிட்டேனா?

வாசலிலேயே, என்ஜினை நிறுத்தாமல், "கிரேஸ், ஏறு. கடற்கரை வரைக்கும் போய்விட்டு வருவோம்" என்றேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?" என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு உள்ளே போனாள். போச்சு, கோபம் என்று நினைத்தேன்.

சேலை மாற்றத்தான் போயிருக்கிறாள்!