நடுங்கும் கைக்குக் கட்டிய கார்

அந்தோணி அண்ணாச்சி காலமான செய்தி, வியாழக்கிழமை காலை பாளையங்கோட்டையில் எங்கள் பத்திரிகை ஆபீசுக்கு டெலிபோனில் வந்தது. அந்தப் பாழாய்ப்போன டெலிபோனை நான்தானா எடுக்க வேண்டும்? பக்கத்து நாற்காலிக்காரருக்கு அஞ்சலி எழுதும் கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

அவர் உவரியில் பிறந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து ஸ்லாட் கார் செட் என்ற பொம்மைக் கார் பந்தயம் ஒன்றைக் கொண்டுவந்தார். பாதை நெடுக ஒரு பள்ளம் இருக்கும். காரின் அடியிலுள்ள நாக்கு அதில் இறங்கி நிற்கும். கையிலுள்ள விசையை அழுத்தினால் மின்சாரத்தில் ஓடும். வளைவில் கூடுதலாக அழுத்தினால் தெறித்து விழும். வந்த கார்கள் உடைந்ததும், அண்ணாச்சி தாமே சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், கட்ட ஆரம்பித்தார். பித்தளைத் தகட்டையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையும் ஈயத்தால் பற்றவைத்து, கண்ணாடி மேல் நிறுத்தி நாலு சக்கரமும் படிகிறதா என்று பார்ப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அவருடைய பாளையங்கோட்டை வீட்டுக்குப் போய்விடுவேன். "வாரும் வே, தோக்கதுக்கு வந்துட்டீரா?" என்பார். தோற்பேன்.

பிறகு அவருக்குக் கைநடுக்கம் வந்தது. மருந்தில் அடங்கவில்லை. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு பற்றவைக்க முடிந்தது. விசையைப் பிடித்தால் விரல் துடித்து, முதல் வளைவிலேயே கார் வெளியே கிடக்கும்.

"ஒரே ஒரு சுத்து, என் கையால முழுசா வரணும். அது போதும் வே" என்றார்.

"நான் ஓட்டுதேன், நீங்க பாருங்களேன்."

"நீரு ஓட்டுததுக்கு நான் எதுக்கு?"

எல்லாரும் சேஸிஸை அசையாமல் இறுக்கிக் கட்டுவார்கள். அவர் இரண்டு பக்கத் தகடுகளையும் பற்றவைக்காமல், கம்பி வளையங்களில் தொங்கவிட்டார். "கையில உள்ள ஆட்டத்தத் தகடு வாங்கிக்கிடும், சக்கரத்துக்குப் போவாது" என்பது அவர் கணக்கு. ஈயத் துண்டை முன்னே ஒட்டுவார், பின்னே தள்ளுவார், வளையத்தைப் பைய நெம்புவார். மாதக்கணக்கில் இதே பாடு.

போன ஞாயிறன்று கார் எல்லா வளைவையும் தாண்டி, கடைசி வளைவில் கவிழ்ந்தது. ஏசியிருந்தாலும் தேவலை, அண்ணாச்சி அழுதார். அவர் மனைவி லூர்து மதினி அடுக்களையிலிருந்து வந்து, "ஒரு பொம்மைக்காவப் போயி அழுவுதிய?" என்று அதட்டினார். அண்ணாச்சி முன் வளையத்தை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். ஓட்டிப் பார்க்கத் தெம்பில்லை. "அடுத்த வாரம் பாப்போம் வே" என்றார். புதன்கிழமை நெஞ்சுவலி வந்துவிட்டது.

உவரியில் அடக்கம் முடிந்து பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பினோம். மதினி நேரே பாதையருகே போய், அந்தக் காரைப் பள்ளத்தில் வைத்தார். அதுவரை தொட்டதே இல்லாத விசையை எடுத்து அழுத்தினார். அழுத அழுகையில் அவர் கையும் அண்ணாச்சியின் கையைப் போலவே துடித்தது. தகடுகள் கடகடவென்று ஆட, கார் போனது. கடைசி வளைவுக்கு வந்தது. அது விழவில்லை. முழுச் சுற்றும் வந்து மதினியின் முன்னால் நின்றது.

"தம்பி, அவுகளக் கூப்பிடுங்க" என்றார் மதினி.

நான் எங்கே போய்க் கூப்பிடுவேன்? உங்கள் கணக்கு சரிதான், அண்ணாச்சி. போய் வாருங்கள்.