சூசை சேரும் குளோரைடும்

சூசை சேர் போயிட்டார்...

இனி வரப்போறது ஒருத்தரும் நம்பாத கதை. மாத்தளை மாவட்டத்தின் முடிசூடாப் பொய்யனாகிய நான் நெஞ்சில கை வச்சுச் சொல்றேன்.

அலுவிகாரையில பயோ டியூஷன் நடத்தினாரே, அவரேதான். எனக்கு அடுத்த வீடு. நேத்து பஸ் ஸ்டாண்டில வலிப்பு வந்து விழுந்திருக்கார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

வலிப்பு... அதுவும் அவருக்கு.

பல வருஷத்துக்கு முந்தி, என் தங்கச்சி மக பொறந்து ஒரு கிழமை இருக்கும். திடீர்னு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு.

எங்க சனம் என்ன செஞ்சுச்சு தெரியுமா? பெரிய மச்சான், மாட்டுப்பட்டியில மிதிச்ச செருப்பைக் கழட்டி புள்ள மூக்கில வச்சார். அந்த நாத்தத்துக்கு உக்குவளை ஸ்டேஷன்ல நின்ன ரயில் பின்னாலேயே கண்டிக்கு ஓடிப்போச்சு.

"கையில இரும்பு குடுங்கடா!"ன்னு ஒருத்தர் கத்த, இன்னொருத்தன் குழி தோண்டுற அலவாங்கைத் தூக்கிட்டு ஓடி வந்தான். பச்சப்புள்ள கையில அலவாங்கு! த்தூ...

ஆஸ்பத்திரின்னு ஒரு வாய் திறக்கல.

சத்தம் கேட்டு சேர் தென்னை உசர மதிலைத் தாண்டிக் குதிச்சார். கட்டின சாரத்தோட. செருப்பைப் பிடுங்கி ஜன்னலால வீசினார். புள்ளையை ஒருக்களிச்சு வச்சு, எங்களை த்ரீவீலர்ல ஏத்தினார்.

வழியெல்லாம் பாடம்.

"மூளையில 'அடங்கு'ன்னு ஒரு சிக்னல் இருக்கு. பெரியவங்களுக்கு அது வந்தா செல்லுக்குள்ள குளோரைடு போகும், செல் அடங்கும். பச்சப்புள்ள செல்லுக்குள்ள குளோரைடு ஏற்கெனவே நெறஞ்சு கெடக்கும். வெளிய தள்ளுற பம்ப் இன்னும் சரியா வேலைக்கு வரல. அதே சிக்னல் வந்தா குளோரைடு வெளிய பாயும்... அடங்க வேண்டிய செல் துள்ளும். அதான் சின்னதுங்களுக்கு லேசுல வலிப்பு வருது. இதில அலவாங்கு எங்கம்மா வருது?"

மதினி யோசிச்சாங்க. "குளோரைடுன்னா உப்புதானே சேர்? அப்ப நான் காலையில உப்பு மொளகா சுத்திப் போட்டது சரிதானே!"

சேர் முகத்தைப் பொத்திக்கிட்டார். "தம்பி, வேகமா விடுங்க. இவங்க அடுத்து சம்பல் இடிக்கப் போறாங்க."

புள்ள பிழைச்சுது. அந்த பம்பும் வேலைக்கு வந்துச்சு. இன்னைக்கு சாவு வீட்டில வர்றவங்களுக்கு பிளேன்டி கொடுக்கிறது அவதான்.

அதுக்கப்புறம் எந்த பேட்ச் வந்தாலும் சேரோட முதல் பாடம் ஒண்ணுதான். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, கையில ஒரு எழவும் குடுக்காதே, வண்டி பிடி.

நேத்து பஸ் ஸ்டாண்டில சுத்தி நின்னு வீடியோ எடுத்ததுல எத்தனை பேர் அவர்கிட்ட படிச்சதோ...

ஆஸ்பத்திரியில நர்ஸ் மிஸ்ஸி ஒரு ஷொப்பிங் பேக் கொடுத்தாங்க. கண்ணாடி. மணிக்கூடு. சிவப்புப் பேனை.

அப்புறம் ஒரு சாவிக்கொத்து. "கையில இறுக்கிப் பிடிச்சிருந்தார்"ன்னாங்க.

சேர் வீட்டுச் சாவி என் வீட்டு ஆணியில தொங்குது.

சரி... ரயில் எங்கயும் ஓடல. மதிலும் இடுப்பளவுதான். அலவாங்கு வெறும் ஆணி.

இந்தச் சாவிக்கொத்து மட்டும் நிஜம். இரும்புன்னு அவர் கையில திணிச்ச மகராசன் வந்து வாங்கிட்டுப் போகலாம்.

போய் வாங்க சேர்.