ஹாரன் அண்ணன் மாற்றிய டேங்க்

முப்பத்திரண்டு வருடம் ஐந்து மாதம் பேருந்து ஓட்டியவர் அவர். அவசியமில்லாமல் ஒரு முறைகூட ஹாரன் அடித்ததில்லை; அதனாலேயே தெருவில் அவர் பெயர் ஹாரன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவியை இழந்த தம்பியோடு இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தார். மார்ச் 9-ம் தேதி தம்பி வெளியூரிலுள்ள தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது, "உன்னால தனியா சமாளிக்க முடியாதுண்ணே. வீட்டை வித்துட்டு நீயும் வந்துடு" என்றார்.

"நீ இல்லேன்னா கூரை இடிஞ்சு விழுந்துடுமா? போடா."

அதன் பிறகு நான்கு மாதத்தில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வேறு வீடு என்று நினைத்துத் தவறி வந்தவர்.

ஜூலை 14-ம் தேதி, குளியலறை ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கியது. சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கவென்று, பக்கத்துக் குழாயில் பூசணிக்காய் அளவில் ஒரு டேங்க் தொங்குகிறது. உள்ளே தண்ணீருக்கு ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. ஹாரன் அதன் காற்றடிக்கும் மூக்கை அழுத்திப் பார்த்தார். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீச்சியது. பை கிழிந்துவிட்டது.

தம்பி போனில் சிரித்தார். "பிளம்பரைக் கூப்பிடுண்ணே."

"பஸ்ஸையே கழட்டி மாட்டினவன்டா நான்."

"கழட்டினது மெக்கானிக். நீ பக்கத்துல நின்னு டீ குடிச்சே."

"நானே மாத்திட்டேன்னா வீட்டை விக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி. சொட்டுச்சுன்னா விக்கிறோம்."

16-ம் தேதி காலை 9.40. மின்சாரத்தை நிறுத்தினார். தண்ணீரை அடைத்தார். குழாயைத் திறந்து வடியவிட்டார். புது டேங்குக்கு சைக்கிள் பம்பால் காற்றடித்து, அழுத்தத்தையும் அளந்து வைத்தார். ஸ்டூல் மேல் ஏறிப் பழையதைத் திருகினார். கிழிந்த பை வழியே தண்ணீர் நிரம்பி, இரண்டு கிலோ டேங்க் பத்து கிலோ ஆகியிருந்தது. கடைசிச் சுற்றில் முழு எடையும் இடக்கையில் இறங்கியது.

"பிடிடா" என்றபடி கையை எடுத்தார்.

இருபத்தாறு வருடம், எந்த வேலையானாலும் கீழே நின்று தாங்கியவை தம்பியின் கைகள். டேங்க் விழுந்து தரையில் இரண்டு டைல்கள் உடைந்தன. கால் கட்டைவிரல் நான்கு விரற்கடையில் தப்பியது.

நாற்பது நிமிடம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து புது டேங்கை மாட்டினார். காலியாக இருந்ததால் ஒரு கையே போதுமாக இருந்தது. தண்ணீரைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, வால்வுக்கு அடியில் உலர்ந்த துணியை விரித்து, இரண்டு மணி நேரம் பார்த்தார். துணி நனையவில்லை.

"சொட்டலைடா" என்றார் போனில்.

"அட! ஜெயிச்சுட்டியேண்ணே. இனிமே நான் வாயே திறக்கலை."

ஹாரன் உடைந்த டைல் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினார்.

"என்னண்ணே?"

"பழசைக் கழட்டும்போது, பிடிடான்னு சொல்லிட்டுக் கையை விட்டுட்டேன்."

"கால்ல படலையே?"

"படலை." பிறகு, "வித்துடலாம்டா" என்றார்.

புது டேங்கின் உத்தரவாதம் ஐந்து வருடம். அதை மாட்டிய பிறகு அவர் அந்த வீட்டில் இருந்தது நாற்பத்தெட்டு நாள்.