ஒற்றைக் குரலில் நான்கு பாட்டு

1959-ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோவில்பட்டியில் நான் குடியிருந்த வீட்டுக்கு கோர்ட்டு சேவகர் ஒருவர் வந்து, ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். என் கணவர் என்னிடமிருந்து விவாகரத்துக் கேட்டிருந்தார். நான் வேறொரு ஆணோடு தவறாக நடந்தேன் என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆணின் பெயரும் அதில் இருந்தது. நான் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கிவைத்தேன். அரிசியே போடவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

இதை எழுத வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். விவாகரத்தான ஒருத்தி சாட்சி சொல்வதா என்று கேட்டார்கள். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்துவைக்க எனக்கு உரிமையில்லை.

என் பெயர் ஜெயமணி. நம் சபை நடத்தும் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் ஞானதுரை ஆர்மோனியம் வாசிப்பார், பாட்டுக் கட்டுவார். கல்யாணமான நாள்முதல் நாங்கள் சேர்ந்தே பாடினோம். ஓட்டப்பிடாரம், கடம்பூர், மணியாச்சி என்று எந்த ஊரில் கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை என்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குத் தபலா வாசித்தவர் காதர் அண்ணாச்சி. கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்பவர், முஸ்லிம். அவர் மனைவி மைமூனை, அண்ணன் மனைவி என்ற முறையில், நான் மைனி என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்னாலிருந்த அவர்கள் வீட்டில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும்.

1955-இல் சென்னையில் ஒரு கம்பெனி எங்கள் இருவரையும் பாடவைத்து ஓர் இசைத்தட்டு போட்டது. கல்யாணப் பாட்டு அது. அவர் ஒரு அடி பாடுவார், நான் மறு அடி பாடுவேன். அந்த வருஷத்திலிருந்து நம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாண வீடு ஒவ்வொன்றிலும் அது ஒலிபெருக்கியில் ஒலித்தது.

இரண்டு வருஷம் கழித்து, சினிமா இசைக்குழுவில் வாய்ப்பு வந்திருக்கிறதென்று அவர் சென்னைக்குப் போனார். முதலில் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு வரவில்லை. அங்கே ஒரு பாடகியோடு குடியிருக்கிறார் என்று ஊரிலிருந்து போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. "ஆண்டவரே, அவரைத் திரும்பக் கொண்டுவாரும்" என்று தினமும் முழங்காலில் நின்றேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் காகிதம் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நம்மவர்களுக்கு உள்ள சட்டத்தில், மனைவி கற்புத் தவறியவள் என்று காட்டினால்தான் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். அவர் அந்தப் பாடகியைக் கட்டிக்கொள்ள என் பெயரைக் கெடுக்க வேண்டியிருந்தது. எழுதியிருந்த பெயர் காதர் அண்ணாச்சியுடையது.

கேஸ் முடிகிறவரை பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். பாடகர் குழுவிலிருந்தும் விலகி இருக்கச் சொன்னார்கள். விலகியிருக்கச் சொன்னது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் எனக்குப் பாட்டு வரவில்லை. பேசுவேன், ஜெபிப்பேன். ஆராதனையில் எல்லாரும் பாட எழும்போது நானும் எழுந்து வாயைத் திறப்பேன். சத்தம் வராது. தொண்டையில் யாரோ கைவைத்து அழுத்துவதுபோல் இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தேன். மரச் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. என்கூட இருந்த பெண்கள் பாடிக்கொண்டே அடுக்குவார்கள். நான் குனிந்தபடி இருப்பேன்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். ஒலிபெருக்கியில் எங்கள் பாட்டைப் போட்டார்கள். அவர் அடி முடிந்து என் குரல் எழும்பியது. சந்தோஷமான குரல். என் பக்கத்திலிருந்த பெண், அது என் குரல் என்று தெரியாமல், "இந்தப் பொம்பள என்னமா படிக்குதா பாரு" என்றாள். நம் பக்கத்தில் பாடுவதைப் படிப்பது என்றுதானே சொல்வோம். நான் குச்சிச் சட்டத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வெளியே நடந்தேன். ஆபீசுக்குப் பின்னால் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு. கை நுழைகிற அளவுக்கு மண் வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலில் முகங்குப்புற விழுந்தேன்.

அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது. "அவரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன், ஆண்டவரே. இனிக் கேட்கவில்லை. என் பெயரை நீர் காப்பாற்றும். என் தொண்டையைத் திருப்பித் தாரும். தரமாட்டீரென்றால் என் காதையும் அடைத்துவிடும். இந்தப் பாட்டை என்னால் இனிக் கேட்கமுடியாது" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னேன். ஒரு பதிலும் இல்லை. பாட்டு முடிந்து தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நான் எழுந்துபோய் மறுபடி குச்சி அடுக்கினேன்.

அன்று சாயங்காலம் மைமூன் மைனி என் வீட்டுக்கு வந்தார். காகிதம் வந்த பிறகு நான் அவர்கள் வீட்டுப் பக்கமே போனதில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, தலையோடு போர்த்தியிருந்த துப்பட்டியை விலக்கி மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஒம் மாப்பிள எனக்கு எழுதியிருக்காரு. வாசிச்சுப் பாரு" என்றார்.

என் கணவரின் கையெழுத்துத்தான். ஜெயமணியையும் உங்கள் வீட்டுக்காரரையும் நீங்களே கண்ணால் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கொடுத்தால் அவர்மேல் எந்த நஷ்டஈடும் கேட்காமல் விட்டுவிடுகிறேன், பழி அவளோடு போகட்டும் என்று எழுதியிருந்தது.

"மைனி, நீங்க என்ன செய்யப் போறீய?" என்று கேட்டேன்.

"கோர்ட்டுக்கு வாரேன். எங்க வீட்டுல அவிய வேண்டாங்காவ. நம்ம வீட்டுப் பொம்பளைய கூண்டுல ஏறுததான்னு மாமியாரும் சத்தம் போடுதாவ. பொய்யின்னு தெரிஞ்சும் பேசாம இருந்தா நாளைக்கு அல்லாகிட்ட நான் என்னட்டி சொல்லுவேன்?"

என் ஜெபத்துக்கு அன்றே பதில் வந்துவிட்டது. என் வாசற்படி ஏறி வந்து, என் முன்னால் உட்கார்ந்திருந்தது. நான்தான் அதை உடனே அறிந்துகொள்ளவில்லை. அவர் போன பிறகு, அழுவதற்கு எனக்குக் கண்ணீர் வந்தது. அதுவரை வரவில்லை.

கேஸ் மறு வருஷம் ஆவணியில் திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. என் கணவர் என்னைப் பார்க்காமலே வாக்குமூலம் கொடுத்தார். எதிர்த் தரப்பு வக்கீல் என்னிடம், "காதரை நீ எப்படிக் கூப்பிடுவாய்?" என்று கேட்டார். "அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதேன், எப்பவும்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

பிறகு மைனியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் பாதிதான் தெரிந்தது. கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்திகை எல்லாம் எங்க வீட்டுலதான் நடக்கும். நான் இல்லாத ஒரு நாள் கெடையாது. அவிய தபலா வாசிப்பாவ, இவ படிப்பா, இவ மாப்பிள ஆர்மோனியம் வாசிப்பாரு. எம் பிள்ளைய இவ மடியிலதான் தூங்கும். வேற ஒண்ணும் நடக்கல" என்றார். கடிதத்தையும் நீட்டினார்.

நீதிபதி அதை இரண்டு முறை வாசித்தார். அப்போதுதான் என் கணவர் முதன்முறையாகத் தலைகுனிந்தார். நான் ஜெயித்தேன் என்று சந்தோஷப்படவில்லை. எட்டு வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷன் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

என் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். கணவர் என்னைக் கைவிட்டு இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று, வேறொருத்தியோடு வாழ்கிறார், ஆகவே விடுதலையை நானே கேட்கலாம் என்று. பல நாள் நான் சம்மதிக்கவில்லை. என்றைக்காவது திரும்புவார் என்று மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. அன்று கோர்ட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஜெபித்தேன். வக்கீலிடம் வந்து, "கேட்டிருங்க ஐயா" என்றேன். கணவரின் மனு தள்ளுபடியானது. என் மனு ஏற்கப்பட்டது. ஐகோர்ட்டு அதை உறுதி செய்த தாள் 1961-இல் கைக்கு வந்தது.

அந்தத் தாளோடு மைனி வீட்டுக்குப் போனேன். காதர் அண்ணாச்சி கேஸ் தொடங்கிய நாளிலிருந்து தபலாவைத் தொடவில்லை. அன்று பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, சுத்தியால் தட்டிச் சுருதி கூட்டினார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும்போது என் மனதில் வந்துபோன ஜெப வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். "அதை வாசி, தங்கச்சி. சும்மா வாசி, போதும்" என்றார். நான் வாசித்தேன். அவர் மெதுவாகத் தாளம் போட்டார். இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது அடுப்படியில் அம்மி சத்தம் நின்றது. மைனி வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ படிக்க" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. பாடிக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் சென்னைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தம்பதியாக இன்னொரு இசைத்தட்டுக்குப் பாட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உள்ளதை எழுதி, தனியாகப் பாடச் சம்மதமா என்று கேட்டேன். நான்கு பாட்டு, இரண்டு தட்டு, வந்து பாடுங்கள் என்று பதில் வந்தது. தபலாவுக்கு அங்கேயே ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காதர் அண்ணாச்சியோடு ரயில் ஏறினால் ஊர் என்ன சொல்லும்? மைனி விடவில்லை. "அவிய வாசிக்காம வேற யாரு வாசிப்பா? நானும் வாரேன். மூணு பேரும் போவோம். பாக்கவன் பாக்கட்டும்" என்றார்.

ஒலிப்பதிவு அறையில் முதல் பாட்டின் முதல் அடியைப் பாடினேன். அடுத்த அடிக்கு முன்னால் என்னையறியாமல் நிறுத்திவிட்டேன். அத்தனை வருஷம் அந்த இடத்தில் ஞானதுரையின் குரல் வரும். என் மூச்சு அதற்குப் பழகியிருந்தது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றேன். மூன்றாவது முறை ஒலிப்பதிவாளர், "அம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். நீர் இதில் இரும்" என்று மட்டும் சொன்னேன். நான்காவது முறை அந்த இடத்தில் நிறுத்தினேன், வேண்டுமென்றே. காதர் அண்ணாச்சி தபலாவில் நான்கு தட்டு மட்டும் தட்டினார். அடுத்த அடியை நான் எடுத்தேன். அப்படியே பதிவானது. இன்றும் அந்தத் தட்டைக் கேட்பவர்கள், அந்த இடத்தில்தான் மனம் நெகிழ்கிறது என்கிறார்கள். அது என் சாமர்த்தியமில்லை.

தட்டு வந்தபின் நம் சபையில் பேச்சு எழுந்தது. ஒருநாள் குருவானவர் என்னை அழைத்து, "ஒன்னயப் பாடச் சொல்லுததுக்கும் எனக்குப் பயமா இருக்கு. சொல்லாம இருக்கதுக்கும் பயமா இருக்கு" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஞாயித்துக்கிழம பாடும்மா" என்றார். பாடினேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. அவர்களில் ஒரு குடும்பம் பிறகு திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்திலும் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

ஞானதுரைக்காக நான் இன்றும் பேர் சொல்லி ஜெபிக்கிறேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் ஜெபத்தின் நடுவில் அது எழுந்து வரும். அதையும் ஆண்டவரிடமே சொல்கிறேன்.

அன்பானவர்களே, நான் முதலில் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. கணவரைத் திருப்பித் தரவில்லை. என் பெயரைக் காத்தார், என் தொண்டையைத் திறந்தார், நான் எதிர்பார்த்தே இராத ஒரு வீட்டிலிருந்து எனக்குத் துணையை அனுப்பினார். உங்களில் யாராவது நான் படுத்ததுபோல் முகங்குப்புறப் படுத்திருந்தால், வெட்கத்தால் கோவிலுக்கு வராமல் இருந்தால், கோவில்பட்டிக்கு வாருங்கள். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் நான் இருப்பேன். என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குப் பாட்டு வராவிட்டால் பரவாயில்லை. வருகிறவரை உங்களுக்கும் சேர்த்து நான் பாடுகிறேன்.