கரையரக்கரும் கடைசிப் பெட்டியும்

அறுபதுகளின் நடுவில் ஒரு வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை ஒன்று வந்தது. குழந்தைகளுக்கும் இல்லாமல் பெரியவர்களுக்கும் இல்லாமல், பதினாலு பதினைந்து வயதுக்காரர்களுக்கென்றே எழுதிய கதை. எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. கதை தொடங்கிச் சில வாரங்களில் கடலூர் ஓ.டி.யிலிருந்து தினமும் ரயிலேறிப் போய்ச் சிதம்பரத்தில் பி.யூ.சி. படிக்க ஆரம்பித்தேன். "காலேஜுக்குப் போற பொண்ணு படிக்கிற கதையாடி இது?" என்று என் அண்ணன் கேலி செய்வான். நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு அவனும் படிப்பான்.

அதுவரை நான் படித்த கதைகளில் பெண்ணை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள், வேறு யாராவது மீட்டு வருவார்கள், நடுவில் அழுவது மட்டும் அவள் வேலை. இந்தக் கதையில் ஒரு தீவு இளவரசி. அவளுக்கு ஒரு சங்கு கிடைக்கிறது. காதில் வைத்தால் கடல் பேசும். ஊதினால் கடல் சொன்னபடி கேட்கும். அப்பாவை ஏமாற்றிவிட்டுத் தனியாகப் படகேறிப் போகிறாள் அந்தப் பெண். எங்கள் வீட்டில் ரயிலேறிப் படிக்கப் போன முதல் பெண் நான். முதல் நாள் ஸ்டேஷனில் தனியாக நின்றபோது எனக்கு எங்கள் குலதெய்வம் நினைவுக்கு வரவில்லை, அவள்தான் வந்தாள். அதனால் அந்தக் கதையை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குச் சுள்ளென்று ஏறும். இன்றைக்கும் ஏறுகிறது. சிக்கலே அங்கேதான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். பிளாட்பாரத்துக் கடையில் வாங்கிக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறுவேன். அந்தக் காலத்தில் பாசஞ்சர் ரயிலில் ஒருத்தி பத்திரிகை வாங்கினால் பெட்டிக்கே வாங்கின மாதிரி. யாராவது ஒருத்தி உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். எனக்குத் தொண்டை நன்றாக இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆலப்பாக்கத்தில் என் வகுப்புத் தோழி ஏறிக்கொள்வாள். சிதம்பரத்தில் ஏதோ ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த ஓர் அம்மாள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்பார்.

கதையை எல்லாரையும்விட ஆசையாகக் கேட்டவள் ஒரு கருவாட்டுக்காரி. கடலோரச் சோனங்குப்பத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வயிற்றில் பிள்ளை. மற்ற கூடைக்காரிகள் எல்லாம் கடைசிப் பெட்டியில் ஆண்களோடு ஆண்களாக இடிபட்டுக்கொண்டு போவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு அந்த இடியைத் தாங்க முடியாமல் இவள் எங்கள் பெட்டிக்கு வர ஆரம்பித்தாள். வந்த முதல் நாளே டைப்பிஸ்ட் அம்மாள், "இந்த நாத்தத்த யாரு சகிக்கிறது, கார்டுகிட்ட சொல்லி எறக்கி விடறேன்" என்று கிளம்பினார். எங்கள் வீட்டில் வஞ்சிரம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது. ஆனாலும் கூடை பக்கத்தில் வந்ததும் என் தாவணி முனை தானாக மூக்குக்குப் போனது. அதை அவள் பார்த்தாள். கூடையைக் கதவோரம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கதைதான் அவளுக்கு அந்தப் பெட்டியில் இடம் வாங்கிக் கொடுத்தது. நான் படிக்கப் படிக்க அவள் "ம்" கொட்டுவாள். படகைப் பற்றி ஏதாவது வந்தால், "காத்து அப்பிடி அடிச்சா பாய எறக்கணும் பாப்பா, அந்தப் பொண்ணுக்குத் தெரியல" என்று கவலைப்படுவாள். டைப்பிஸ்ட் அம்மாளே ஒருநாள் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார். அதற்கப்புறம் கார்டு பேச்சு எழவில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, எல்லா நாளும் அவள் எங்கள் பெட்டிதான்.

பிறகு கதையில் கரையரக்கர்கள் வந்தார்கள்.

அன்றைக்கு நான் முன்கூட்டிப் பார்க்காமல் கடகடவென்று படித்துக்கொண்டு போனேன். இளவரசியின் படகு ஒரு கரையை நெருங்குகிறது. அந்தக் கரையில் ஓலைக் குடிசைகளில் அரக்கர்கள் இருக்கிறார்கள். கரிய மேனி, தோளில் வலை, பக்கத்தில் போனாலே மீன் நாற்றம். கப்பலில் போகிறவர்கள் மேல் வலை வீசிப் பிடித்துத் தின்பார்களாம். "கரிய" என்கிற வார்த்தை வரைக்கும் படித்துவிட்டேன். அடுத்தது என் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. எதிரே கருவாட்டுக்காரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கரிய மேகம் மாதிரி புகை கிளம்பியது" என்று ஒரு புளுகு புளுகினேன். அந்தப் புகையிலிருந்து அரக்கர்களை வரவழைத்தேன். நெட்டையாக, சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக, அத்தர் பூசிக்கொண்டு, கல் பங்களாவில் குடியிருக்கிற அரக்கர்கள். "அத்தரு பூசின அரக்கனா!" என்று அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். பெட்டியே சிரித்தது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகள் எனக்குப் பரீட்சை நாள் ஆகிவிட்டன. பிளாட்பாரத்திலேயே அவசர அவசரமாகப் படித்து, எங்கே என்ன மாற்றுவது என்று மனசுக்குள் தயார் செய்துகொள்வேன். வலையைப் பட்டுக் கயிறு ஆக்கினேன். குடிசையைப் பங்களா ஆக்கினேன். ஒரு வாரம் அரக்கன் படத்தையே பெரிதாகப் போட்டிருந்தார்கள், தோளில் வலையும் இடுப்பில் கோவணமுமாக. "படத்தக் காட்டு பாப்பா" என்றாள். "இது வேற கதைக்குப் போட்ட படம்க்கா" என்று மடித்து வைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

கதையை வெறுத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எழுதினவர் மேல் கோபம் வந்தது, ஆனால் அடுத்த வாரம் கடையில் என் கைதான் முதலில் நீளும். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, மாற்றாமல், இருக்கிறபடியே ஒரு தரம் படிப்பேன். இளவரசி அரக்கன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடும்போது எனக்குக் குதிக்க வேண்டும் போலிருக்கும். காலையில் ரயிலில் கருவாட்டுக்காரிக்கு ஒரு கதை, சாயந்திரம் எனக்கு வேறு கதை. அப்படி இருந்தது என் யோக்கியதை.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். காலேஜுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை பெட்டியில் ஏறிப் பார்த்தால் கதவோரம் காலி.

"ஒரு வழியா நாத்தம் தொலைஞ்சுது" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள்.

ஆலப்பாக்கத்தில் ஏறிய என் தோழி என் காதோரம் வந்தாள். "வெள்ளிக்கெழம நான்தான்டி படிச்சேன். அரக்கனுங்கள்லாம் கருப்பா, மீன் நாத்தத்தோட இருக்காங்க. நீ ஏதோ அத்தரு கித்தருன்னு படிச்சிருக்க? இவுங்கள்லாம் ஒரே சிரிப்பு. அந்தக் கருவாட்டுக்காரியப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. அவ புதுச்சத்திரத்துலயே கூடையத் தூக்கிகிட்டு எறங்கிட்டா."

சிதம்பரத்தில் இறங்கி ஓடினேன். கடைசிப் பெட்டியிலிருந்து அவள் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் யாரோ இடித்ததில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பார்த்தும் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி உட்கார்ந்திருந்த இடத்தை என் புளுகே பறித்துவிட்டது என்றுதான் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் அன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

மறுநாள் நானும் கடைசிப் பெட்டியில் ஏறினேன். பீடிப் புகை, கூடைகள், கோழிகள். அவள் தரையில் கூடைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன்.

"அந்தக் கதைக்காரரு தப்பா எழுதிட்டாருக்கா. ஒங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் மாத்திப் படிச்சேன்."

"அவரு இன்னா வேணா எழுதிட்டுப் போறாரு" என்றாள். "அந்தாளு என்னப் பாத்தாரா, எங்க குப்பத்தப் பாத்தாரா? நீ பாத்திருக்க. அந்த எடம் வந்ததும் ஒனக்கு எம் மூஞ்சிதானே பாப்பா ஞாபகத்துக்கு வந்துச்சி? வந்ததாலதானே மாத்தின?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நல்லது செய்யப் போனவளுக்கு இதுவா கூலி என்று தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், கூட்டத்தில் எழுந்திருக்கவும் இடமில்லை. ரயில் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. கோபம் தணியத் தணிய அவள் கேட்டதுதான் மிச்சம் நின்றது. அரக்கன் என்று படித்ததும் எனக்கு அரக்கன் நினைவுக்கு வரவில்லை. அவள்தான் வந்தாள். அது நிஜம்.

"நம்ம பொட்டிக்கே வந்துடுங்கக்கா. நான் அவுங்ககிட்ட பேசறேன்."

"இன்னா பேசுவ? அரக்கி இல்லன்னு சாட்சி சொல்லுவியா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அவளே கேட்டாள்: "அந்தப் பொண்ணு இன்னா ஆனா? புள்ள பொறக்குறதுக்குள்ள கதைய முடிச்சிடுவாங்களா? இங்க வந்து படி. இருக்கறத இருக்கற மாதிரி படி."

அப்படித்தான் மீதிக் கதை கடைசிப் பெட்டியில் நடந்தது. மாற்றாமல் படித்தேன். "மீன் நாற்றம்" என்று வரும்போதெல்லாம் குரல் தேய்ந்துவிடும். "ஒரக்கச் சொல்லு, ஒன்னியா சொல்றாங்க?" என்று கூடைக்காரிகள் கத்துவார்கள். அவர்கள் கதை கேட்ட விதமே வேறு. அரக்கர் தலைவனுக்குப் பெண்டாட்டி உண்டா என்று கேட்டார்கள். எழுதவில்லை என்றேன். "வல கிழிஞ்சா யாரு முடியறது? இருப்பா, இருப்பா" என்று அவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள், ரெண்டு பிள்ளையும் கொடுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவன் வலையைத் தூக்கும்போதெல்லாம் ஒருத்தி, "பாவம், ரெண்டு புள்ளைக்காரன்" என்பாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பழையபடி சேர்ந்துவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து படிக்கிற காலேஜ் பெண் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

கடைசி வாரம் அவளுக்கு நடக்கவே முடியவில்லை. "இந்த ஒரு வாட்டிதான், அப்புறம் வர மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். எல்லாரும் இடம் ஒதுக்கி அவளை என் எதிரே உட்காரவைத்தார்கள்.

இளவரசியை அரக்கர்கள் கரையில் கட்டிவைத்திருக்கிறார்கள். கட்டை அறுத்துக்கொள்கிறாள். பாறைமேல் ஏறிச் சங்கை வாயில் வைத்து ஊதுகிறாள். கடல் எழுந்து வருகிறது. வலைகள் போகின்றன. படகுகள் போகின்றன. ஓலைக் குடிசைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, உள்ளே இருந்தவர்களோடு அலைக்குள் போகின்றன. பாறைமேல் அவள் தனியாக, யாரும் வந்து மீட்காமல், ஜெயித்து நிற்கிறாள்.

படித்து முடித்தேன். புயல் மழையில் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அந்தப் பெட்டியில் பலர் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஒரு கிழவி மட்டும், "அவன் புள்ளைங்களுமா?" என்று கேட்டாள்.

எதிரே இருந்தவள் பத்திரிகையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிறியே பாப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். படிக்கும்போது என் குரல் உயர்ந்ததுகூட, அவள் சொன்னதற்கப்புறம்தான் என் காதிலேயே விழுந்தது. சிதம்பரம் வந்தது. அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளை பிறந்தது என்று கூடைக்காரி ஒருத்தி சொன்னாள். ஆணா பெண்ணா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கதை பின்னால் புத்தகமாக வந்தது. வாங்கினேன். எத்தனையோ தடவை படித்துவிட்டேன், சங்கு ஊதுகிற பக்கம் வந்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலில் சிரிப்புதான் வருகிறது. அதற்கப்புறம்தான் எதிரே உட்கார்ந்திருந்த அவள் வருகிறாள்.